கறுநீலப் படகும் ஒரு முழக் கீறலும்

தூத்துக்குடி
ஆடி 6

அன்புள்ள சேவியர்,

நாலு மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்ட வேண்டுமென்றால் பதிலில் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். கட்டையன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. இந்தத் தடவையாவது பந்தியில் வாயைத் திறக்காமல் இரு.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் படகைப் பளபளவென்று ஆக்கிவிட ஆசைப்பட்டேன். ஒரே ஒரு கீறல்தான். கரையில் கட்டியிருந்த டயரில் துருத்திக்கொண்டிருந்த போல்ட், வலப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்துவிட்டது. கறுநீலம் வேண்டாம் என்று நீ அன்றைக்கே சொன்னாய். வெள்ளையில் பத்துக் கீறல் ஒளிந்துகொள்ளும். கறுநீலத்தில் காலை வெயில் சாய்ந்து விழுந்தால் லேசான மேடு பள்ளம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். உன் பேச்சைக் கேட்டு எத்தனையோ தடவை கெட்டிருக்கிறேன், கேட்காமல் கெட்டது இது ஒன்றுதான்.

எல்லாம் முறையாகத்தான் செய்தேன். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, தின்னரால் பழைய பாலிஷைத் துடைத்த பிறகுதான் உப்புத்தாளைத் தொட்டேன். பாலிஷ் மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கி, புதுப் பெயின்ட்டை ஒட்டவிடாது. கீறலை நிரப்பக் கார் பட்டி மலிவு என்றார்கள். அது தண்ணீர் குடிக்கும் என்று எபாக்சி பட்டியே வைத்தேன். 180ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 400 வரை தேய்த்து, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் கீறல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பெயின்ட் அடித்ததும்தான் வினை.

அதே கம்பெனி, அதே எண். ஆனால் படகு ஆறு வருடமாக வெயிலில் வெளிறிக் கிடக்கிறது, புது டப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? பழைய வேட்டியில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் பாலிஷ் போடுகிற காம்பவுண்ட் பசையைப் பூசித் தேய்த்ததில் பழைய நிறம் கொஞ்சம் மேலே வந்தது. ஒட்டின் ஓரம் மட்டும் வளையமாக நின்றது. ஹார்டனர் கலந்து அடிக்கிற இந்த டூ பேக் பெயின்ட், காய்ந்த பழைய பூச்சோடு கரைந்து கலக்காது. ஒட்டுத் தெரியக் கூடாதென்றால் முன்முனை அணியத்திலிருந்து பின்முனை வரை முழுப் பக்கமும் அடித்தாக வேண்டும். "அண்ணே, மீன் என்ன பெயின்ட்டைப் பார்த்தா வருது?" என்று கரையில் ஒரே சிரிப்பு. எனக்குத்தான் வீம்பு.

சேவியர், இனி எழுதுவது சிரிக்கிற விஷயம் இல்லை. ஸ்ப்ரே அடிக்க என் தங்கை மகனைக் கூப்பிட்டேன். ஆடிக்காற்றில் மண் வந்து ஒட்டுமே என்று ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியதும் நான்தான். காற்றே நுழையாத அந்த இடத்தில், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்தான். பாதிப் பக்கம் முடிந்தது. ராத்திரி மூச்சிரைப்பு, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஹார்டனர் டப்பாவை வாங்கிப் படித்துப் பார்த்தார் டாக்டர். ஐசோசயனேட் என்கிற ரசாயனமாம். கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காதாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி காற்றில் கலந்தாலும் இழுப்பு வரலாம், இந்தப் பெயின்ட் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது தேறிவிட்டான், மீன்குழம்பு கேட்கிறான். தங்கைதான் என்னோடு பேசுவதில்லை. டப்பாவில் எச்சரிக்கை அச்சடித்துத்தான் இருக்கிறது. நான் கலக்கும் அளவை மட்டும் படித்திருக்கிறேன்.

மிச்சப் பாதியை நானே போடப்போகிறேன், நடுவில் ஒட்டுத் தெரிந்தால் தெரியட்டும். ஸ்ப்ரே கிடையாது. தார்ப்பாயை அவிழ்த்தாகிவிட்டது. விடிந்ததும், காற்று கிளம்புமுன் ரோலரில் உருட்டி, ஈரம் காயுமுன் பிரஷ்ஷால் மேலோட்டமாக நீவிவிட்டால் போதும். ஒட்டிய மண்ணை, நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற 1500, 2000 எண் உப்புத்தாளில் எடுத்துக்கொள்ளலாம்.

உனக்கு ஒரு வேலை. பாரிமுனைப் பக்கம் போனால் முடி உதிராத மூன்று அங்குலத் தட்டை பிரஷ் இரண்டும், கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் ஒன்றும் வாங்கி பஸ் பார்சலில் போட்டுவிடு. கடைக்காரன் தூசி மாஸ்க்கைத் தலையில் கட்டப் பார்ப்பான், ஏமாந்துவிடாதே. 26க்குள் வந்து சேராவிட்டாலும் பரவாயில்லை. கொடியேற்றத்தன்று இடப்பக்கம் கரையைப் பார்க்கிற மாதிரி படகைக் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் ராயன்