ஈஸ்டர் தேதியும் தேவாலயத் தரையில் விழுந்த சூரியனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியலும் கிறிஸ்தவமும் என்று யார் பேச்செடுத்தாலும் கலிலியோ வழக்கில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633-ல் திருச்சபை அவரைத் தண்டித்தது அநியாயம்தான். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் எழுதவில்லை. அதே திருச்சபை ஈஸ்டர் தேதிக்காகச் சூரியனை அளந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் அதற்கடுத்த ஞாயிறு. இந்தப் பௌர்ணமி வானத்தைப் பார்த்துச் சொல்வதல்ல, கணக்குப் போட்டு வருவது. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆண்டை 19-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அதை 19-ஆல் பெருக்கி, 24 கூட்டி, 30-ஆல் வகுங்கள். இப்போது வரும் மீதியை மார்ச் 21-உடன் கூட்டுங்கள். 2026-க்கு முதல் மீதி 12. 228-உடன் 24 சேர்த்தால் 252. கடைசி மீதியும் 12. ஆக ஏப்ரல் 2, வியாழன், பௌர்ணமி; ஏப்ரல் 5 ஈஸ்டர். 1900 முதல் 2199 வரை இது பொருந்தும். கடைசி மீதி 29 என்றால் 28 ஆக்க வேண்டும். 28 வந்து முதல் மீதி 10-ஐத் தாண்டினால் 27. இந்த நுணுக்கத்தை விட்டால் சில ஆண்டுகளில் கணக்கு தவறும். 19 எதற்கு என்றால், 19 ஆண்டுகளில் ஏறக்குறைய சரியாக 235 பௌர்ணமிகள் வந்துபோகும்.

பழைய ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் அதிகம். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் 128 ஆண்டுகளில் ஒரு முழு நாள் ஆகிவிடும். ஈஸ்டர் கணக்கில் மார்ச் 21 என்பது பகலும் இரவும் சமமாகும் நாள்; 16-ஆம் நூற்றாண்டில் அது மார்ச் 11-க்கே வந்துவிட்டது. இதைச் சரிசெய்ய மருத்துவர் லிலியஸ் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் குருவான கிளாவியஸ் விளக்கி நிலைநாட்டினார். 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. 400 ஆண்டுகளில் 100 லீப் ஆண்டு என்றிருந்தது 97 ஆயிற்று.

ஆண்டின் நீளத்தைத் துல்லியமாக அளக்கப் பெரிய கருவி வேண்டும். உயரமான கூரையும் இருண்ட உள்ளறையும் கொண்ட கட்டடம் அந்தக் காலத்தில் தேவாலயம்தான். இத்தாலியின் போலோனியா நகரிலுள்ள சான் பெத்ரோனியோ ஆலயத்தில் 1655-ல் வானியலாளர் காசினி, சுமார் 27 மீட்டர் உயரத்தில் துளையிட்டு, தரையில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 67 மீட்டர் கோடு பதித்தார். நண்பகலில் துளை வழியே விழும் வெளிச்ச வட்டம் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடைக்காலத்தில் துளைக்கு நேர் கீழிருந்து பத்து மீட்டரில் விழுவது, டிசம்பரில் கோட்டின் கடைசிக்கே போய்விடும்.

இதில் தொல்லைகளும் உண்டு. துளை பெரிதானால் வட்டத்தின் ஓரம் மங்கும், சிறிதானால் வெளிச்சம் போதாது. காசினி வைத்த துளை, உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக நிற்பதால் காற்று ஒளியை வளைத்து அதை மேலே தூக்கிக் காட்டும். அதைக் கழிக்கத் தனி அட்டவணையே போட்டார். கட்டடமும் தரையும் மெல்ல அமிழ்ந்தால் கோடு பொய் சொல்லும் என்பதால் பின்னாளில் திரும்பவும் சரிசெய்தார்கள்.

என்னைக் கவர்வது இதற்குப் பிறகு நடந்ததுதான். சூரிய வட்டத்தின் அகலம் ஆண்டு முழுவதும் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று அதே தரையில் அளந்தார்கள். சூரியன் சீரான வேகத்தில் சுற்றுகிறது என்ற பழைய கோட்பாட்டின்படி வரவேண்டிய மாற்றத்தில் பாதிதான் கிடைத்தது. வானியலாளர் கெப்ளர் சொன்னதும் அதைத்தான். பூமி சுற்றுகிறது என்பதற்கு இது மட்டுமே சான்றாகிவிடாது. ஆனால் கெப்ளரின் கணக்கு வென்றது. கலிலியோ தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகள் கழித்து, போப்பின் ஆட்சிக்குட்பட்ட ஊரில், ஒரு கோயில் தரையில் தொடங்கிய வேலை இது.

ஆண்டுதோறும் ஈஸ்டர் தேதியை வெளியிடும் தங்கள் நாளிதழ், மேலே சொன்ன கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாக அச்சிட வேண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்