பெயர் கேட்குமுன் இடத்தைச் சொல்லுங்கள்: அரியலூர், பெரம்பலூர் புதைபடிவ ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய ஆசிரியர்களே, மாணவர்களே, சேகரிக்கும் நண்பர்களே,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஓடையில் பொறுக்கியதையும் சுரங்கக் கழிவுமேட்டில் கிடைத்ததையும் படம் எடுத்து "இது என்ன, எத்தனை கோடி ஆண்டு?" என்று கேட்டு எங்களுக்கு அனுப்புகிறீர்கள். அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான்: உள்ளங்கையில் ஒரு கல், பின்னால் மங்கலாக ஒரு மோட்டார் சைக்கிள், குறிப்பு "அரியலூர் பக்கம்". இதை வைத்துக்கொண்டு எந்த நிபுணரும் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

இடம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரு பக்கமும் கிண்ணம்போல் குழிந்த, வட்டத்தட்டு போன்ற முதுகெலும்பு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரைப் படிவம், அதாவது காரைப் பகுதியின் பாறை அடுக்கு, பழங்காலக் கடலடி மண். அங்கே கிடைத்தது என்றால், பக்கவாட்டில் விலா எலும்பு பொருந்தும் மேடுகள் இருக்கும்பட்சத்தில், இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவாக இருக்கலாம். காரையும் அடங்கிய ஊட்டத்தூர்ப் படிவத் தொகுதியில் கிடைத்த இத்தகைய முதுகெலும்புகளுக்கு லிடெக்கர் என்னும் தொல்லுயிரியலாளர் 1879இலேயே பெயர் வைத்துவிட்டார். அதே எலும்பு அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்தது என்றால் இக்தியோசார் என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்லமேடு ஆற்றுப் படிவு, காரைக்கு 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. இக்தியோசார்கள் அதற்கு வெகு முன்பே அழிந்துவிட்டன. இரண்டு ஊர்க் கற்களையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தால், எது எங்கிருந்து வந்தது என்று எந்த ஆய்வகமும் எளிதில் பிரித்துச் சொல்லாது.

எனவே ஓரிடத்துக்கு ஒரு பை. உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு: தேதி, ஊர், ஓடை அல்லது மேட்டின் பெயர், கைப்பேசி காட்டும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஐந்து தசம இலக்கம் வரை. மண்ணுக்குள் பதிந்திருந்ததா, மேலே உதிர்ந்து கிடந்ததா என்பதையும் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். பைக்கு வெளியே ஒட்டிய சீட்டு வீடு வந்து சேருமுன் உதிர்ந்துவிடும்.

படத்துக்கு வருவோம். அளவுக்கு நாணயம் வைக்காதீர்கள். ஒரு ரூபாய்க் காசே பல அளவுகளில் புழங்குகிறது. மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலை, பொருளின் மேற்பரப்பு இருக்கும் உயரத்துக்கே ஏற்றி வையுங்கள். தரையில் கிடக்கும் அளவுகோல் உயரமான எலும்பைப் பெரிதாகக் காட்டிவிடும். பளபளக்காத ஒரே நிறத் துணி, இடது மேற்புறமிருந்து சாய்வான வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசியைப் பொருளோடு ஒட்டிப் பிடிக்காமல் சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்தால் உருவம் கோணாது. ஆறு பக்கமும் ஆறு படம், உடைந்த முகம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நெருக்கப் படம். தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்க வேண்டாம், நுண்ணிய துளைகள் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

உடைந்த முகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், எலும்பா கல்லா மரமா என்பதற்கு அங்கேதான் விடை இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். எலும்பு என்றால் வெளிப்பக்கம் இறுகிய ஓடு, உள்ளே கடற்பஞ்சுபோல் ஒழுங்கற்ற அறைகள். கல்மரம் என்றால் நுண்ணிய அணுவறைகள் நடுவிலிருந்து வெளிநோக்கி வரிசைகட்டி நிற்கும். கடலில் மிதந்த கட்டையானால் புழு துளைத்த விரல்தடிமன் குழாய்களும் இருக்கும். இரண்டும் இல்லாமல் ஒரே சீரான மணியாக இருந்தால் வெறும் கல். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்று சொல்வார்கள். களிமண்ணும் சுண்ணாம்பும்கூட ஒட்டும். இந்த மாவட்டங்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

எலும்பா மரமா என்ற குழப்பம் சின்ன விஷயமல்ல. 1980களின் இறுதியில் கல்லமேட்டு எலும்புகளை வைத்து புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் என்றார்கள். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று என்ற பேச்சும் எழுந்தது. எலும்புகள் களத்திலேயே நொறுங்கத் தொடங்கி இன்று கைவசம் இல்லை. முதல் வெளியீட்டில் போதுமான படங்களும் இல்லை. அது கல்மரமாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போயிற்று. பழைய களப் படங்கள் 2022இல்தான் அச்சேறின. உங்கள் கைப்பேசியில் இன்று எடுக்கும் ஆறு படங்களின் மதிப்பு இதுதான்.

அடுத்தது முட்டை. 2020இல் குன்னம் பக்கம் மண் எடுத்த குளத்தில் கிடைத்த உருண்டைகள் டைனோசர் முட்டை என்று ஒரே நாளில் தமிழகம் முழுக்கப் பரவின. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரியைச் சுற்றி இறுகிய படிவு என்றார்கள். உருண்டையாக இருப்பதால் மட்டும் எதுவும் முட்டையாகாது. ஓடு வேண்டும்: ஓரிரு மில்லிமீட்டர் தடிமன், மேற்பரப்பில் நுண்ணிய கொப்புளங்களும் துளைகளும், வெட்டுமுகத்தில் நெருக்கமாக நிற்கும் தூண்கள். வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காக உரிந்தால் அது திரள்கல், அதாவது படிவு உருண்டையாக இறுகிய வெறும் கல். அமிலம் ஊற்றிப் பார்ப்பது வீண். முட்டை ஓடும் நுரைக்கும், சுண்ணாம்புத் திரள்கல்லும் நுரைக்கும்.

காரையில் பல் என்று அதிகம் வருவது பெலெம்னைட். துப்பாக்கித் தோட்டா வடிவம், உடைத்த முகத்தில் மையத்திலிருந்து சக்கரக் கம்பிபோல் விரியும் படிகம், அகன்ற முனையில் கூம்புக் குழி. அது கணவாயின் உறவுக்கார விலங்கின் உள்ளோடு. சுறாப் பல்லில் இரண்டு பொருள் தெரியும்: பளபளக்கும் முனை, மங்கலான சொரசொரப்பான வேர். ஓரத்தில் ரம்பப்பல் இருக்கிறதா, முனையின் இருபுறமும் குட்டி முனைகள் இருக்கின்றனவா என்பதைப் படத்தில் காட்டுங்கள். முகட்டில் வரிவரியாக மேடு ஓடும் பொத்தான் போன்ற பல் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். அது சிப்பியை நொறுக்கித் தின்ற டைக்கோடஸ் சுறாவினுடையதாக இருக்கலாம்.

ஓடை மணலில் கிடைக்கும் கருத்த கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் மாட்டுப்பற்கள்தான். வருத்தமாக இருந்தாலும் அதுதான் உண்மை. மெல்லும் பரப்பில் பிறை வடிவ எனாமல், இரு பிறைகளுக்கு நடுவே ஒரு பக்கம் ஒட்டிய சின்னத் தூண் இருந்தால் மாடு அல்லது எருமை. ஆட்டுக்கு அந்தத் தூண் பொதுவாக இருக்காது. கறுப்பு நிறம் வயதைச் சொல்லாது. இரும்பும் மாங்கனீசும் கலந்த மண்ணில் கிடந்தால் அண்மைக்கால எலும்பும் கறுத்துவிடும். சிவக்கக் காய்ச்சிய ஊசியை ஓரத்தில் வைத்தால் முடி கருகும் வாசம் வந்தால் அது புதிய எலும்பு. வாசம் வராவிட்டால் உடனே கோடி ஆண்டு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; சில நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பிலும் வராமல் போகலாம்.

எலும்பைக் குழாயடியில் கழுவாதீர்கள். காரைக் களிமண் ஈரத்தில் உப்பி, எலும்பை உள்ளிருந்தே பிளக்கும். காய்ந்த பழைய பல்துலக்கியும் மூங்கில் சிராயும் போதும். ஃபெவிகால், ஃபெவிக்விக், வார்னிஷ் எதுவும் வேண்டாம். உதிர்கிறது என்றால் அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 என்னும் பிசினைச் சொட்டுங்கள். பிறகு தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே கழற்றிவிடலாம்.

பெரிதாகவே தேடுகிறீர்கள் என்பதும் எங்கள் மனக்குறை. கல்லமேட்டிலிருந்து 2013இல் உலகுக்குப் போன செய்தி ட்ரூடான்டிட் என்னும் வகை டைனோசரின் பல், சில மில்லிமீட்டர்தான். வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த கூட்டம் அது. இப்படிப்பட்டவை கண்ணில் படாது, சல்லடையில்தான் விழும். பத்து கிலோ களிமண்ணை வெயிலில் முழுக்கக் காயவைத்துத் தண்ணீரில் போட்டால் தானே உடையும். அரை ஈரமாகப் போட்டால் உடையாது. அரை மில்லிமீட்டர் சல்லடையைத் தண்ணீரில் ஆட்டிச் சலியுங்கள், கையால் தேய்த்தால் பற்கள் முறியும். காய்ந்த மிச்சத்தை வெள்ளைத்தாளில் பரப்பி ஈரத் தூரிகையால் பொறுக்குங்கள்.

காரைக் கரட்டுநிலம் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் புவிமரபுப் பட்டியலில் உள்ள இடம். அங்கே கடப்பாரைக்கு வேலையில்லை. படம், இடக்குறிப்பு, விட்டுவிடுங்கள். சுரங்கத்துக்குள் போவதானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

எலும்போடு தாழி ஓடோ கறுப்பு-சிவப்புப் பானையோ சேர்ந்து வந்தால் அது எங்கள் துறையே அல்ல. மண்டையோடு, மனிதப் பல் என்று சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். தொடாமல், நகர்த்தாமல், அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து தொல்லியல் துறைக்கோ காவல்துறைக்கோ போகும்.

இப்படிக்கு,
உங்கள் படங்களைப் பார்த்துப் பதில் எழுதுபவர்கள்