ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு

காலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்துவிட்டார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று பாம்பனில் தெரியாத ஆள் இல்லை, அதனால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. ஆளும் தப்பினார், காலும் தப்பியது, போதும். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை, முன்னுக்குப் பின் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த சிஸ்டர். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வார்டுல எல்லாரும்தான் பார்த்தோம், ஒருத்தர் பேரு மட்டும் எதுக்கு?" சரி, போடவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ராத்திரி கட்டு மாற்ற வந்தார். அப்பா காலை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். முதலில் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றே பேசினார், அது உள்ளுக்குள் கிடந்து குத்தியிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் கையில் கிளவுஸைப் பார்த்ததும் வெடித்துவிட்டார். "என்னயத் தொட்டா ஒட்டிக்கிருமா தாயி? உறை போடாமத் தொட முடியாத ஆளாப் போயிட்டனா நான்?" நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது.

சிஸ்டர் கிளவுஸைக் கழற்றவும் இல்லை, கோபப்படவும் இல்லை. திரையை இழுத்துவிட்டார். "அப்பா, எதிர்க் கட்டில்ல ஒரு சின்னப் பையன் இருக்கான்ல, அவனுக்கும் இதைத்தான் போட்டேன், அவனுக்குப் போட்டதைக் கழற்றிட்டு உங்களுக்குப் புதுசு. நாளைக்குக் கலெக்டரே வந்து படுத்தாலும் இதேதான். யாரு உடம்புல என்ன இருக்குன்னு ஆளைப் பார்த்தாத் தெரியாது, அதனால எல்லாருக்கும் ஒரே முறை. அதோட, ராத்திரி பூரா எத்தனையோ கட்டிலைத் தொடுற கை இது. இதுல இருக்கிறது உங்க புண்ணுக்குள்ள போயிரக்கூடாதுல்ல?"

அப்புறம், "கட்டைப் பிரிக்கட்டுமாப்பா? நீங்க சொன்னாத்தான்" என்று கேட்டுவிட்டு நின்றார். நிஜமாகவே நின்றார். அத்தனை நாளில் அப்பாவிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் இந்த சிஸ்டர்தான், நான்கூடக் கேட்டதில்லை, எல்லாவற்றுக்கும் அவர் தலைக்கு மேலேயே பேசி நானே தலையாட்டியிருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே போர்வையை விலக்கினார்.

இப்போ குளிர்ச்சியா இருக்கும், இப்போ எரியும் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே செய்தார். பழைய கட்டு மஞ்சள் பைக்குள் போனது, கிளவுஸ் போனது, கை கழுவினார். வேலை முடிந்தது, போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து, வெறும் கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, "நாடி பார்க்க உறை வேண்டாம்ப்பா, இது நல்ல தோலுதான்" என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுசாக நின்றார். விரலில் மாட்டும் கிளிப்பில் நாடித் துடிப்பை அவர் ஏற்கெனவே பார்த்துக் குறித்துவிட்டிருந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இந்த மடல்.

எங்கள் பக்கம் தொடுவது, தொடாமல் ஒதுங்குவது என்பதற்குப் பின்னால் என்னென்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் இதைத் தேடிப் படித்தேன். 1980-களில் எய்ட்ஸ் பயம் பரவியபோதுதான் எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும் என்ற முறை அமெரிக்காவில் வந்திருக்கிறது. 1996-ல் அதை இன்னும் விரிவாக்கி எந்த நோயாளியானாலும் இதுதான் என்று வைத்தார்களாம். ஒருவரை மட்டும் தனியாக ஒதுக்கிக் காட்டத் தேவையே இல்லாத முறை. நான் அதைப் போய் அவமானம் என்று நினைத்தேனே.

என் தப்பு ஒன்றும் இருக்கிறது. புண்ணைப் படம் எடுத்துச் சொந்தக்காரர் குரூப்பில் போட்டேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "அப்பாகிட்டக் கேட்டீங்களா?" என்றார், அவ்வளவுதான். அழித்துவிட்டேன். யாராவது சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து நீங்களும் அழித்துவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்முன் குழாயடியில் என் இரண்டு கையையும் பிடித்துக் கழுவப் பழக்கினார். சோப்புப் போட்டு விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் தேய்த்து முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும். செய்து பாருங்கள், எவ்வளவு நேரம் என்று தெரியும். கட்டைத் தொடும் முன்னாலும் கழுவணும், தொட்ட பின்னாலும் கழுவணும். இன்னொன்றும் சொன்னார், நம் ஆட்கள் கேட்டே ஆகவேண்டியது: உப்புத் தண்ணி பட்டால் புண் ஆறிவிடும் என்று கடலில் காலை விடாதீர்கள். கடல் தண்ணீரிலும் கிருமி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து: 108 வண்டியில் வந்த தம்பிகள், ரத்தம் கொடுத்த பசங்க, வல்லத்தைக் கரையேற்றி வலையைக் காயவைத்த சித்தப்பாமார், வீட்டில் உலை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மதினி, தரையைத் துடைத்துக்கொண்டே இருந்த அந்த அக்கா (அவர் இல்லை என்றால் அங்கே எந்தக் கிளவுஸும் பிரயோசனம் இல்லை), மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கும் அக்கா. தனித்தனியாக எழுதினால் முடியாது. நன்றி.

சிஸ்டருக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுபோனோம். வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

பார்க்க வருகிறவர்கள் வாங்க, ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேராக வேண்டாம், சளி இருமல் இருந்தால் சரியான பிறகு வாங்க. வாசல் குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் அப்பா கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இன்று காலை என்னையே இரண்டாவது தடவை கழுவ அனுப்பினார்.