பவுல் ஆட்டத்தில் யாருக்கு லாபம்?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவள் காலேஜ் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். அவர்கள் அணிக்குப் பவுல் ஆட்டம், அதாவது சீசன் முடிந்ததும் நல்ல கல்லூரி அணிகளை அழைத்துத் தனி அமைப்புகள் நடத்தும் ஆட்டம், கிடைத்திருப்பதால் வீட்டில் அமெரிக்க ஃபுட்பாலைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற பையன்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். எனக்கு அது ஒப்பவில்லை, முரளி. ஜெய்லன் ஸ்மித்தை எடுத்துக்கொள். நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியில் லைன்பேக்கர், அதாவது தடுப்பு ஆட்டக்காரர். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சில இடங்களுக்குள் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்; முன்னால் போனால் சம்பளமும் அதிகம். 2016 ஜனவரி 1, அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே, முதல் கால் பகுதியில், அவருடைய இடது முழங்கால் மடங்கியது. தசைநார்கள் கிழிந்து, நரம்பும் அடிபட்டது. கடைசியில் டல்லாஸ் அணி அவரை 34-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. பல மில்லியன் டாலர் கையை விட்டுப் போனது. சாம்பியன் பட்டத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. பவுல் நடத்துபவர்கள் அப்போது ஒரு வீரருக்குத் தர அனுமதி இருந்ததோ 550 டாலர் மதிப்புள்ள பரிசுப் பொருட்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் டிராஃப்டுக்குப் போகவிருந்த லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரண்டு கல்லூரி வீரர்கள் தங்கள் அணிகளின் பவுல் ஆட்டங்களில் இறங்க மறுத்தபோது, சுயநலக்காரர்கள் என்று ஏசியவர்கள் உண்டு. நான் அந்தப் பையன்கள் பக்கம்தான்.

கல்லூரிகளாவது சம்பாதிக்கின்றனவா என்றால், அதுவும் எல்லாம் இல்லை. 2011-இல் எங்கள் கனெக்டிகட் பல்கலைக்கழகம் இதே ஃபியஸ்டா பவுலுக்குப் போனது. 17,500 டிக்கெட்டுகளுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பேற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். புத்தாண்டு சமயத்தில் இங்கிருந்து அரிசோனாவுக்கு எத்தனை பேர் விமானம் ஏறுவார்கள்? பெரும்பாலானவை விற்கவில்லை. ஓக்லஹோமாவிடம் 48-20 என்று தோற்றதோடு, பதினாறு லட்சம் டாலருக்கு மேல் கைநஷ்டம். அடுத்த சில மாதங்களிலேயே அந்த பவுலின் தலைவர் ஜான் ஜன்கர் பதவி பறிக்கப்பட்டார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு பவுல் பணத்தில் 33,000 டாலர் போயிருந்தது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு அது! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஆனால் தொகையும் எங்கோ போய்விட்டது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டங்களை ஒளிபரப்ப 2026 சீசன் முதல் ஈ.எஸ்.பி.என். டிவி ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் தருகிறது. அதில் பாதிக்கும் மேல் பிக் டென், எஸ்.இ.சி. என்ற இரண்டே கல்லூரிக் கூட்டமைப்புகளுக்கு. மற்ற கல்லூரிகள் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், முதல் பங்கு காயம்பட்டவனுக்குப் போக வேண்டும். பவுல் ஆட்டத்தில் முழங்கால் போனால், எத்தனை வருடம் ஆனாலும் அந்த வைத்தியச் செலவு ஆட்ட வருமானத்திலிருந்தே வரட்டும். இதற்கு நீ என்ன சொல்கிறாய்? விவரமாக எழுது. அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
பாஸ்கர்