எங்கள் ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சென்றவர்களுக்கு

சென்னையின் ஆய்வு நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நீரையும் காற்றையும் மண்ணையும் ஆராயும் அறிவியலாளர்களுக்கு,

வணக்கம்.

நான் எண்ணூர்ப் பக்கம் 26 ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் குப்பத்துப் பிள்ளைகள். அப்பா கொசஸ்தலை ஆற்றில் வலை போடுவார். அம்மா கூடையில் மீன் எடுத்துப்போய் விற்பார். இரவெல்லாம் அப்பாவோடு படகில் இருந்துவிட்டு முதல் பீரியடில் தூங்கிவிழுகிற பையன்களை நான் எழுப்புவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் உங்களில் ஒரு குழு முகத்துவாரத்துக்கு வந்தது. எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. ஐந்தாறு பேர், எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள். ஐஸ் பெட்டியும் சீட்டு ஒட்டிய பாட்டில்களுமாக இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் மாணவிகள் இரண்டு பேரிடம் ஓர் ஆய்வு மாணவி, தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரைக் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த அன்பை நான் மறக்கவில்லை. தண்ணீர் எடுத்தார்கள், சேறு எடுத்தார்கள். கரையில் இருந்த ஓர் அம்மா அன்று பிடித்த நண்டில் நல்லதாகப் பார்த்து ஒரு டஜன் கொடுத்தார். காசு நீட்டினார்கள், வாங்கவில்லை. "படிக்கிற புள்ளைங்க, எடுத்துனு போட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு எந்தச் சேதியும் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "இன்னா டீச்சர், எடுத்துனு போனாங்களே, இன்னா சொன்னாங்க? நண்டைத் துண்ணலாமா வாணாமா?" இரண்டு வருடம் கழித்துக் கல்லூரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் அந்தக் குழுவின் ஆய்வுக் கட்டுரையை எனக்கு எடுத்து அனுப்பினான். வெளியில் வாங்கினால் பெரிய விலை. முதுநிலை இயற்பியல் படித்த எனக்கே அதைப் படித்து முடிக்க மூன்று மாலைகள் ஆயின. ஈயம், காட்மியம் என்று அட்டவணை அட்டவணையாக எண்கள் இருந்தன. தின்னலாமா கூடாதா என்பதற்குப் பதில் இல்லை. அந்த இரண்டு வருடமும் அந்த அம்மா அதே நண்டைச் சமைத்தார், விற்றார், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அதனால்தான் இந்த மடல். உங்கள் துறையின்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. உங்கள் வேலையை உயிராக நினைக்கிறவள் நான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு எங்கள் கழிமுகத்துக்குள் வந்தபோது, வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. ஆண்கள் வாளியும் குவளையும் கொண்டு வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், கறுப்பா இருக்கிற எண்ணெய் ஓரத்துல மட்டும் ஏன் வானவில்லு மாதிரி தெரியுது?" அன்று பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஒளி அலை அவ்வளவு சின்னது என்று சொன்னேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். எண்ணெய்ப் படலம் ஏறக்குறைய அந்த அளவுக்கு மெலிந்துவிட்டால், அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அழியும், சில நிறங்கள் கூடும். கடலில் எண்ணெய்க் கசிவை வானிலிருந்து மதிப்பிடுகிறவர்கள் இன்றும் இந்த நிறத்தை வைத்துத்தான் தடிமனைக் கணிக்கிறார்கள். வானவில் நிறம் என்றால் சுமார் 300 நானோமீட்டரிலிருந்து 5,000 வரை. ஒரு லிட்டர் எண்ணெய் 300 நானோமீட்டர் தடிமனில் பரவினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பலகையில் கணக்குப் போட்டோம். 3,300 சதுர மீட்டருக்கு மேல். பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால், கிட்டத்தட்ட 15 கிரவுண்டு. வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரு பையன் மட்டும் மெதுவாக, "அப்ப எத்தினி லிட்டர் வந்துச்சு மிஸ்?" என்று கேட்டான்.

இந்த நானோ அளவு ஒளியில்தான் உங்களில் பலர் இன்று அரிய வேலைகள் செய்கிறீர்கள். அளவு மாறினால் நிறம் மாறும் குவாண்டம் புள்ளிகள் என்ற நானோ துகள்களுக்காக 2023-ல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்படி ஒளிரும் கார்பன் புள்ளிகள் தண்ணீரில் பாதரசமோ ஈயமோ பட்டால் மங்கிவிடும்படி செய்யலாம். மங்குவதைப் பார்த்தே உலோகம் இருப்பது தெரிந்துவிடும். மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-ல், ஒளியைப் பற்றித் தன் முதல் கட்டுரையை வெளியிட்டவர் சி. வி. ராமன். பின்னாளில் அவர் கண்ட ராமன் விளைவில், ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான், தான் பட்ட பொருளுக்கேற்ப நிறம் மாறித் திரும்பும். ஆனால் வெள்ளி நானோ துகள்களுக்கு இடையே உள்ள இண்டுகளில் ஒளியைச் சிக்கவைத்தால் அந்த மெல்லிய குரல் பல லட்சம் மடங்கு பெருகுகிறது. மிகக் குறைந்த பூச்சிக்கொல்லியைக்கூட அப்படிப் பிடித்துவிடலாம். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் டி. பிரதீப் குழு வெள்ளி நானோ துகள்களால் குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் வழி கண்டது, அது வீட்டு வடிகட்டியாகவே வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து அடுப்படிக்கு வழி இருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

இனி வானத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி 6.5 மீட்டர் அகலம். அதன்மேல் பூசிய தங்கத்தின் தடிமன் 100 நானோமீட்டர். மொத்தத் தங்கம் 48 கிராம் சொச்சம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா விரல்விட்டு எண்ணி, "ஆறு சவரன்தானா!" என்றார். அந்த ஆறு சவரன் 2022-ல் வாஸ்ப்-39பி என்ற கோளைப் பார்த்தது. இங்கிருந்து ஏறக்குறைய 700 ஒளியாண்டு. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது அதன் காற்றின் ஓரம் வழியாக வந்த ஒளியில் எந்தெந்த நிறம் குறைகிறது என்று அளந்தார்கள். முதலில் கார்பன் டை ஆக்சைடு தெரிந்தது. பிறகு கந்தக டை ஆக்சைடு. விண்மீன் ஒளி பட்டு அங்கே வேதிவினை நடக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆயிற்று.

இன்னொரு செய்தி என்னை இன்னும் நெகிழ வைத்தது. அந்தக் கோளைப் பற்றிய தரவை யாரும் பூட்டிவைக்கவில்லை. தொலைநோக்கி எடுத்தவுடனே உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள்.

கந்தக டை ஆக்சைடு. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. நிலக்கரி எரிந்தால் வரும். எங்கள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். அந்த வாயுவைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல் நிலையங்களுக்கு வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டில் நடக்க வேண்டியது தள்ளித் தள்ளிப் போனது, 2025-ல் பெரும்பாலான நிலையங்களுக்கு அதிலிருந்து விலக்கே கிடைத்துவிட்டது. காற்றில் அதன் 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்திய அளவுகோல். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்னது 40. மணலியில் காற்றை அளக்கும் நிலையம் இருக்கிறது, எண்கள் இணையத்தில் வருகின்றன. அது எனக்குத் தெரியும். ஆனால் இன்று காலை எங்கள் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடலாமா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. 700 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கந்தகத்தைப் பற்றி என் மாணவிக்குத் தெரிந்த அளவுக்கு, அவள் தெருவில் உள்ள கந்தகத்தைப் பற்றித் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

"உறுதியாகத் தெரியாமல் மக்களிடம் எப்படிச் சொல்வது, பீதி கிளம்பாதா?" என்று உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலாக இதே ஊரின் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1855-ல் அங்கே இருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் பற்றி அளவீட்டை வைத்து எழுந்த முதல் குரல்களில் ஒன்று நம் நுங்கம்பாக்கத்திலிருந்து வந்தது! அது தவறு என்று பிறகு தெரிந்தது. சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை மேயரும் கெலோவும் உறுதியாகக் கண்டது 1995-ல். இந்த 140 ஆண்டில் ஜேக்கப்பை யாரும் பழிக்கவில்லை. கே2-18பி கோளின் காற்றில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் வானியலாளர் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் சொன்னபோதும், அதே தரவை எடுத்து மற்றவர்கள் மறுத்து எழுதினார்கள். உலகமே அந்த வாதத்தைப் பார்த்தது. 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கோளைப் பற்றி "இருக்கலாம்" என்று சொல்ல முடிகிறதென்றால், எங்கள் நண்டைப் பற்றியும் "இருக்கலாம், இப்போதைக்குக் குறைத்துச் சாப்பிடுங்கள், அடுத்த சோதனை இந்த மாதம்" என்று சொல்லலாம். குப்பத்து மக்களுக்கு "இருக்கலாம்" என்ற சொல் புரியும். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தினமும் அந்தச் சொல்லை நம்பித்தான் கடலுக்குப் போகிறார்கள்.

அதே நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகவிருந்தபோது, நம் ஊர் மக்கள் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளட்டும் என்று இந்திய மொழிகளில் விளக்கச் சிறுநூல்கள் வரக் காரணமாக இருந்தார். இன்று வாஸ்ப்-39பியைப் படித்ததும் அதே குறுக்கே போதலை வைத்துத்தான். 150 ஆண்டுக்கு முன் ஒரு வானியலாளர் தன் வேலையின் பகுதியாக நினைத்ததை நாம் எங்கே விட்டோம்?

நான் கேட்பது பெரிதில்லை. எங்கள் பகுதியின் தண்ணீர், காற்று, மண், மீன் பற்றி மக்கள் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வும் முடிந்தவுடன் தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். எதைத் தேடினீர்கள், என்ன கிடைத்தது, எது இன்னும் உறுதியில்லை, நாங்கள் இப்போது என்ன செய்யலாம். அவ்வளவுதான். மொழியைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நானும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் சம்பளமில்லாமல் செய்கிறோம். நிதி கேட்டு எழுதும் திட்டத்திலேயே இந்த இரண்டு பக்கத்துக்கும் ஒரு நாள் பயணத்துக்கும் இடம் வையுங்கள். நிறுவனத் தலைவர்களே, உங்கள் மாணவர் அந்த ஒரு நாளைக் குப்பத்தில் கழித்தால் அதையும் ஆய்வாக மதியுங்கள். அந்த இளம்பிள்ளைகள் திரும்பி வராததற்கு மனம் இல்லாதது காரணமில்லை, நேரம் தரப்படாததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இறாலைத் தண்ணீருக்குள் கையால் தடவிப் பிடிக்கும் பெண்கள் எங்கள் ஆற்றில் இன்னும் இருக்கிறார்கள். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடமும் மண் இருக்கும் இடமும் அவர்கள் விரலுக்குத் தெரியும். எங்கே பாட்டிலை நிரப்ப வேண்டும் என்று அவர்களைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள். உங்கள் கட்டுரையே இன்னும் நன்றாக வரும்.

அந்த அம்மா இப்போதும் கரைக்கு வருகிறார். முதலில் அவருக்குத்தான் பதில் வேண்டும். காலை பத்து மணிக்குள் வந்தால் படகுகள் திரும்பியிருக்கும், ஆட்கள் இருப்பார்கள். பள்ளியிலிருந்து கரும்பலகையை நான் எடுத்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
எண்ணூரிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியை