பதின்மூன்று வாரங்களில் முடிந்தவை

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

நீ விரும்பிப் பார்த்துவந்த தொடரை முதல் பருவத்தோடு நிறுத்திவிட்டார்கள் என்று வருந்தி எழுதியிருந்தாய். சில வாரங்களே ஓடிய ஒன்றை இனி யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். நான் நினைத்துப் பார்க்கிறேன், மக்களே. ஆண்டுக்கணக்கில் ஓடிய நெடுந்தொடர்களில் யார் யாருக்கு மகன் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. ஆனால், மூன்று மாதம் ஓடி முடிந்துபோன சில தொடர்களின் முகங்களும் குரல்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பற்றி உனக்கு ஒருமுறையேனும் முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டாலும் அதன் அலைகள் நாகர்கோவில் வரை எட்டவில்லை. 1983-இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் விண்ணில் ஏறி, அடுத்த ஆண்டு நாடெங்கும் சிறு ஒளிபரப்புக் கோபுரங்கள் விறுவிறுவென எழுந்த பிறகுதான் சிற்றூர்களுக்குப் படம் தெரியத் தொடங்கியது. நம் வீட்டு ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நின்றது. ஆகவே மாலையில் மலையாளம், இரவில் டெல்லியின் இந்தி என்பதே எங்களுக்கு வாய்த்த தொலைக்காட்சி. மரப்பெட்டிக்குள், இழுத்து மூடும் கதவோடு இருந்த டயனோரா டி.வி.யின் முன்னால் தெருவே வந்து உட்காரும். இந்திப் பிரச்சார சபையின் தேர்வுகளை எழுதியிருந்ததால், வசனங்களை உடனுக்குடன் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. உன் ஆச்சிக்கு அந்தத் துணை வேண்டியிருந்ததே இல்லை. முகத்தைப் பார்த்தே, 'இவன் பொய் சொல்லுகான்' என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

அந்நாளில் தூர்தர்ஷனில் பெரும்பாலான தொடர்களுக்குப் பதின்மூன்று வாரங்களே ஒப்புதல் கிடைக்கும். ஆண்டின் காற்பகுதி அது. தயாரிப்பாளர் விளம்பரதாரரைப் பிடித்து வர வேண்டும். மேலும் நீட்டிக்க வேண்டுமானால் மீண்டும் அனுமதி வாங்க வேண்டும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். ஆனால் எத்தனை வாரம் என்பது முன்பே தெரிந்திருந்ததால் எழுதியவர்கள் முடிவை மனத்தில் வைத்துக்கொண்டே தொடங்கினார்கள் என்பதும், சினிமாவில் தேர்ந்த இயக்குநர்கள் மூன்று மாத வேலைக்குத் துணிந்து வந்தார்கள் என்பதும் என் உறுதியான எண்ணம். சத்யஜித் ராயின் கதைகளை அவர் மகன் சந்தீப் ராய் பதின்மூன்று பகுதிகளாக எடுத்துத் தந்தது அப்படித்தான். ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலுடாவாகச் சசி கபூர் நடித்ததும் அந்நாளில்தான்.

எனக்கு எல்லாவற்றினும் நெருக்கமானது 1986-இல் வந்த 'யாத்ரா'. ஷியாம் பெனகல் இயக்கியது, பதினைந்தே பகுதிகள். கன்னியாகுமரியிலிருந்து அந்நாளில் ஜம்மு தாவி வரை சென்ற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ்தான் அதன் களம். நம் நாகர்கோவில் சந்திப்பில் நின்று புறப்படும் அதே வண்டி! கோபாலன் நாயர் என்னும் மலையாளி இராணுவ வீரராக ஓம் புரி நடித்தார். பெட்டிக்குள் ஏறுகிறவர்கள் தத்தம் கதையோடு ஏறுகிறார்கள். தமக்குரிய நிலையம் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தொடர் நமக்குச் சொல்வதில்லை. முதலில் அது எனக்குக் குறையாகப்பட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான், மெய்யான இரயில் பயணத்திலும் அப்படித்தானே நடக்கிறது, எதிர் இருக்கையில் இரவெல்லாம் பேசிய மனிதரை நாம் மறுபடி காண்பதில்லையே என்று உறைத்தது. 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்த வண்டியின் சன்னலில் தென்னந்தோப்பு மறைந்து, மண்ணின் நிறம் மாறி, கோதுமை வயல் வருவதை எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலேயே உணர முடிந்தது. வடக்கே ஒருமுறையும் போகாத ஆச்சி, ஜம்முவுக்குப் போகும் வழியை ஊர் ஊராகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். நாடு இவ்வளவு பெரியது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

மூன்றாண்டு கழித்து, 1989-இல், கேதன் மேத்தாவின் 'மிஸ்டர் யோகி' வந்தது. அமெரிக்காவிலிருந்து பெண் பார்க்க இந்தியா வரும் ஒரு குஜராத்தி இளைஞன், பன்னிரண்டு இராசிக்கு ஒரு பெண்ணாகப் பன்னிரண்டு பெண்களைப் பார்க்கிறான். கதை சொல்லியாக ஓம் புரி இடையிடையே வந்து அவனை வம்புக்கு இழுப்பார். யோகியாக நடித்த மோகன் கோகலே எவ்வளவு நுட்பமான நடிகர் என்பதை அந்தப் பதின்மூன்று பகுதிகளைப் பார்த்தவர்களே அறிவார்கள். 1999-இல் 'ஹே ராம்' படப்பிடிப்புக்காகச் சென்னைக்கு வந்திருந்தபோது மாரடைப்பால் காலமானார். செய்தித்தாளின் ஓரத்தில் அதைப் படித்த அன்று, தெரிந்த ஒருவர் போய்விட்டதைப் போல இருந்தது.

அதே ஆண்டில் பிரகாஷ் ஜா இயக்கிய 'முங்கேரிலால் கே ஹசீன் சப்னே' வந்தது. நினைத்த நேரத்தில் பகற்கனவுக்குள் போய்விடும் எளிய எழுத்தராக ரகுவீர் யாதவ் நடித்தார். தொடர் சில வாரங்களில் முடிந்துவிட்டது. ஆனால் வடக்கே இன்றும் நடக்காததை நம்பிக் கோட்டை கட்டுகிறவரை முங்கேரிலால் என்கிறார்கள். மேடையில் அரசியல்வாதிகள்கூட ஒருவரையொருவர் அப்படி அழைக்கிறார்கள். பெயர் மட்டும் தனியே பிழைத்துக்கொண்டது. தமிழில் பாலசந்தரின் 'ரயில் சிநேக'த்துக்கும் இதே கதைதான். தொடரைப் பார்த்தவர்கள் குறைவு, வி.எஸ். நரசிம்மன் இசையில் சித்ரா பாடிய 'இந்த வீணைக்குத் தெரியாது' பாடலைக் கேளாதவர் குறைவு. உன் அம்மா சமையலறையில் முணுமுணுப்பது ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாடல் என்பது உனக்குத் தெரியுமா?

இன்னும் உண்டு. லூயிசா மே ஆல்காட்டின் நாவலைத் தழுவி அமோல் பாலேகர் எடுத்த 'கச்சி தூப்'. சிறுவர்கள் கணினி ஒன்றை உருவாக்க முயலும் 'இந்திரதனுஷ்'. இந்தப் பின்னதில் நடித்த சிறுவர்களுள் ஒருவர்தான் பிற்காலத்தில் இயக்குநரான கரண் ஜோஹர். கணினியை நேரில் பார்த்திராத எங்களுக்கு அது முழு மாயாஜாலம்.

இவை மறக்கப்பட்டதற்குத் தரம் காரணமன்று. அன்று ஒளிநாடா விலையுயர்ந்த பொருள். ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதியும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. பிபிசியே அறுபதுகளின் நிகழ்ச்சிகள் பலவற்றை அப்படி இழந்தது. வீட்டில் பதிவு செய்துகொள்ள வி.சி.ஆர். வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். மறு ஒளிபரப்பு என்று வரும்போது பெரிய பெயர்களே முன்னால் வந்து நிற்கின்றன. 2020 ஊரடங்கில் இராமாயணம் திரும்பி வந்ததும், ஏப்ரலில் பழைய தொடர்களுக்கான டிடி ரெட்ரோ அலைவரிசை தொடங்கியதும் எனக்கு மகிழ்ச்சியளித்தன. இருந்தாலும், கோடிப் பேர் பார்த்ததைப் பேணுவதற்கு ஆள் உண்டு. சில ஆயிரம் பேர் மனத்தில் மட்டும் இருப்பதைப் பேணுவது அந்தச் சில ஆயிரம் பேரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே உனக்கு ஒரு வேலை தருகிறேன். நிறுத்தப்பட்ட உன் தொடரின் கதை, நடித்தவர்கள், உனக்குப் பிடித்த காட்சிகள், அதை யாரோடு சேர்ந்து பார்த்தாய் என்பது வரை எல்லாவற்றையும் இப்போதே எழுதி எனக்கு அனுப்பு. நம் பெயரன் பேரப்பிள்ளைகளைக் காணும் காலத்தில் அது வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நீ உட்கார்ந்து பார்த்த பொம்மலாட்ட நிகழ்ச்சியின் பெயரையும் நினைவிருந்தால் சேர்த்து எழுது. அம்மாவும் நானும் அதைப் பற்றி இரண்டு நாளாக வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா
நாகர்கோவில்