வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருக்கச் சம்மதிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டனில் எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு பேச்சு மறுபடியும் அடிபடுகிறது. மோர்ட்கேஜ் கட்ட முடியாமல் திணறும் குடும்பத்திடம் ஒருவர் வந்து, "வீட்டை எனக்கு எழுதித் தாருங்கள், வங்கிக் கடனை நான் அடைக்கிறேன், நீங்கள் இதே வீட்டில் வாடகைக்கு இருங்கள், கையில் காசு சேர்ந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். வங்கிக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து நித்திரை இல்லாமல் கிடப்பவருக்கு இவர் கடவுள் அனுப்பிய ஆள் போலத்தான் தெரிவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறத் தேவையில்லை, அயலுக்குத் தெரியாது, கோயிலில் காண்பவர்களுக்கும் தெரியாது. தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 2008 நெருக்கடி நேரத்தில் பிரிட்டன் முழுக்க இதே வியாபாரம் நடந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் நியாயமான வர்த்தகத்துக்கான அரச அலுவலகம் இதை ஆராய்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இறங்கியிருப்பதாகவும் ஏறத்தாழ 50,000 வீடுகள் இப்படிக் கைமாறியிருப்பதாகவும் மதிப்பிட்டது. அதன் பிறகு 2009 ஜூலையில் நிதிச் சேவைகள் ஆணையம் இதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது, 2010 ஜூன் 30 முதல் முழு விதிகளும் வந்தன. குறைந்தது 5 வருட வாடகை ஒப்பந்தம் கொடுக்க வேண்டும், சுயாதீனமாக வீட்டை மதிப்பிட வேண்டும், யோசித்து முடிவெடுக்க 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்பவை அவற்றில் சில. 2012 பெப்ரவரியில் ஆணையம் திரும்பிப் பார்த்தபோது, நடந்த விற்பனைகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பங்களுக்குப் பொருந்தாதவை அல்லது அவர்களால் தாங்க முடியாதவை, விற்றிருக்கவே கூடாதவை என்று கண்டது. அதோடு அந்தச் சந்தையே கிட்டத்தட்ட மூடப்பட்டுவிட்டது. அந்தப் பொறுப்பு இன்று நிதி நடத்தை ஆணையத்திடம், அதாவது எஃப்சிஏயிடம் இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் இதைத் தொழிலாகச் செய்வது குற்றம். ஆகவே உங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே இதைப் பேசுகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், ஊர்க்காரராகவே இருந்தாலும், முதலில் அவருடைய எஃப்சிஏ பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வீட்டின் சந்தை விலை 450,000 பவுண் என்று வையுங்கள். வங்கிக்குக் கொடுக்க வேண்டியது நிலுவையோடு சேர்த்து 292,000. வருகிறவர் 330,000 தருகிறேன் என்பார், அவசரத்தில் அது பெரிய தொகையாகத் தெரியும். கடன் போக உங்கள் கைக்கு வருவது 38,000. இதே வீட்டை நீங்களே ஏஜென்ட் மூலம் விற்றால் ஏஜென்டுக்கும் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டருக்கும் கொடுப்பதைக் கழிப்பதற்கு முன் 158,000 மிஞ்சும். ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண் வித்தியாசம், அது இருபது வருடம் கடையிலும் பெட்ரோல் ஸ்டேஷனிலும் இரவு வேலை செய்து சேர்த்த காசு. போதாக்குறைக்கு, கையில் 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவி கிடையாது, அதனால் அந்த 38,000இல் இருந்தே வாடகை கட்டிக் கட்டி அதுவும் கரையும்.

காசை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. உங்கள் வீட்டை வாங்குகிறவர் சொந்தக் காசில் வாங்குவது அபூர்வம். அவரும் ஒரு வங்கியில் கடன் எடுத்துத்தான் வாங்குவார். அவர் கட்டாமல் விட்டால் அந்த வங்கி வந்து வீட்டை எடுக்கும். அப்போது "என்னைச் சாகும்வரை இருக்கலாம் என்று சொன்னாரே" என்று நீங்கள் காட்டும் கடிதம் எடுபடுமா? வடகிழக்கு இங்கிலாந்தில் இப்படி விற்ற ஏராளமான குடும்பங்கள் இதே கேள்வியோடு நீதிமன்றம் போனார்கள். ஸ்கொட் வழக்கு என்று சொல்லப்படும் வழக்கில் 2014 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாங்குகிறவர் வீட்டுக்கு உரிமையாளர் ஆவதற்கு முன்னால் கொடுத்த வாக்கு, அவருக்குக் கடன் கொடுத்த வங்கியைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். விற்றவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அப்படியிருந்தும் அவர்கள் தோற்றார்கள். வாடகையை ஒரு மாதம் கூடப் பிந்தாமல் கட்டியிருந்தாலும் இதே கதிதான். வாடகைப் பணம் வங்கிக்குப் போகிறதா, அவருடைய வேறு கடனுக்குப் போகிறதா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

இப்போது வாடகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு கூடிவிட்டது, பயப்படத் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வாடகைக்காரரை எழுப்ப இடம் கொடுத்த சட்டத்தின் 21ஆம் பிரிவு இல்லை என்பது சரி, நல்ல மாற்றம்தான். ஆனால் "வீட்டை விற்கப்போகிறேன்" என்பது ஏற்றுக்கொள்ளப்படும் காரணம். முதல் 12 மாதம் கழிந்ததும் 4 மாத நோட்டீஸ் கொடுத்து எழுப்பலாம். வருடத்துக்கு ஒருமுறை சந்தை அளவுக்கு வாடகையும் கூட்டலாம். கடன் கொடுத்த வங்கி வீட்டை விற்க வந்தால் அதற்கும் தனி வழி இருக்கிறது.

எங்கள் ஆட்கள் இதில் ஏன் சுலபமாக விழுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் காணியை ஒற்றி வைத்துப் பழகிய பரம்பரை நாங்கள். காசு கொடுத்தவர் காணியின் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக எடுப்பார், காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பி வரும், உரிமை ஒருநாளும் போகாது. அந்த நினைப்போடு இருக்கும் அப்பா அம்மாவுக்கு "பிறகு திருப்பி வாங்கலாம்" என்றால் ஒற்றி போலவே கேட்கிறது. இங்கே நடப்பது அறுதியாக எழுதிக் கொடுப்பது. காணிப் பதிவகத்தில் பெயர் மாறியதும் எல்லாம் முடிந்தது. திருப்பி வாங்கும் விலை என்ன, எத்தனை வருடத்துக்குள், அவர் மறுத்தால் என்ன என்று எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல் கையெழுத்து வைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கடிதங்களை மொழிபெயர்த்துச் சொன்னது பதினைந்து வயதுப் பிள்ளை, சொலிசிட்டரைக் கூட்டி வந்தது வாங்கியவர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஆள் சொலிசிட்டரைப் பிடித்துக் கொடுக்கிறார் என்றால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிட வேண்டும்.

சரி, அப்படியென்றால் கட்ட முடியாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வங்கிக்குப் பயப்படுவதுதான் எங்கள் முதல் பிழை, ஏனென்றால் வங்கியோடு பேச நிறைய வழி இருக்கிறது. 2021 டிசம்பர் நடுப்பகுதி வரை 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி 2023 ஓகஸ்டில் 5.25க்கு ஏறியது, பழைய நிலையான வட்டிக் காலம் முடிந்தவர்களுக்கு மாதத் தவணை ஒரேயடியாக ஏறியது, இது குடும்பத்தின் குற்றம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் 2023 ஜூனில் அரசும் பெரும்பாலான வங்கிகளும் சேர்ந்து மோர்ட்கேஜ் சாசனம் ஒன்றுக்கு வந்தன. ஒரு தவணையும் தவறாமல் இருக்கும்போதே கேட்டால் 6 மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டலாம், அல்லது கடன் காலத்தை நீட்டலாம். தவணை தவறிய பிறகு போகிறவர்களுக்கு அந்தச் சலுகை அப்படியே கிடைக்காது, அதனால் முடியாமல் போகப்போகிறது என்று தெரிந்த அன்றே தொலைபேசி எடுங்கள். தவறிவிட்டாலும், முதல் தவணை தவறியதிலிருந்து ஒரு வருடத்துக்குள், விதிவிலக்கான நிலைமை இல்லாவிட்டால், உங்கள் சம்மதமின்றி வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்பதும் அந்தச் சாசனத்தில் உண்டு.

வழக்குப் போட்டால்கூட நீதிபதி உடனே வெளியே போ என்று சொல்வதில்லை. மாதத் தவணையோடு நிலுவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவேன் என்று நம்பும்படி கணக்குக் காட்டினால் உத்தரவை நிறுத்தி வைக்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது, அந்த நிலுவையைக் கடனின் மீதிக் காலம் முழுவதற்கும் பரப்பலாம் என்பது 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023 ஓகஸ்ட் முதல் வீடு பறிபோகும் நிலையில் உள்ளவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி இருக்கிறது, வழக்கு நடக்கும் நாளில் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கறிஞர் உங்களுக்காகப் பேசுவார். ஆனால் நீங்கள் போக வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்டால் நீங்கள் இல்லாமலே உத்தரவு போடப்படும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், ஷெல்டர் எல்லாமே காசு வாங்காமல் உதவும் இடங்கள். யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் 3 மாதம் கழித்து மோர்ட்கேஜ் வட்டிக்கு உதவி கேட்கலாம், அது கடன்தான் என்றாலும் வீட்டை விற்கும்போது கொடுத்தால் போதும்.

இவ்வளவும் செய்தும் முடியவில்லை என்றால் வீட்டைச் சந்தையில் நீங்களே விற்றுவிடுங்கள். மிச்சக் காசு உங்களுடையது. வங்கியே எடுத்து விற்றாலும் கடனும் செலவும் போக மிஞ்சுவதை வீட்டுக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும், முழு வீட்டையும் வங்கி விழுங்கிவிடும் என்று எங்கள் ஆட்களிடையே இருக்கும் நம்பிக்கை தவறு. அந்தத் தவறான நம்பிக்கையை வைத்துத்தான் இந்த ஆட்கள் குறைந்த விலைக்குக் கேட்கிறார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. "எந்த நிலைமையில் இருந்தாலும் உங்கள் வீடு உடன் காசுக்கு வாங்கப்படும், தொடர்ந்து அங்கேயே இருக்கலாம்" என்பது போன்ற விளம்பரம் யாராவது கொண்டு வந்தால், பணம் வாங்குவதற்கு முன் எஃப்சிஏ பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா, இந்த வியாபாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், சில நிமிட வேலை. இல்லையென்றால் விளம்பரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த இடத்தில் மேலே சொன்ன இலவச உதவி அமைப்புகளின் எண்களைத் தமிழில் வாரம் ஒருமுறை போட்டீர்கள் என்றால், ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் வெட்கப்படும் அப்பாமார் சிலராவது தாங்களாகவே எடுத்துப் பேசுவார்கள்.

நன்றி.

ஹரோவிலிருந்து ஒரு வாசகர்